காவல் வாகனத்தின் வேகம் யாருடைய விருப்பம்?

இரவு 11 மணிக்கு மேல் காமராஜர் சாலையில் நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் நோக்கிப் பைக்கில் செல்பவர்கள், சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் விளக்குகளுடன் ஒரு ரோந்து வாகனம் தங்களைக் கடந்து பறப்பதைப் பலமுறை பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் சாலை ஏறக்குறையக் காலியாக இருக்கும். வண்டி கண்ணகி சிலையைத் தாண்டி மறைந்த பிறகும் சைரன் ஒலி கொஞ்ச நேரம் காதிலேயே நிற்கும். "இவங்களுக்கு என்ன, யார் கேட்கப் போறாங்க, ஜாலியா ஓட்டுறாங்க" என்று பின்னிருக்கையில் இருப்பவர் சொல்வார். சென்னையில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. பணியில் இருக்கும் காவலர்கள் அதிவேகமாக வண்டி ஓட்டுவதை உண்மையிலேயே ரசிக்கிறார்களா என்ற கேள்வி இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. கேட்பதற்கு எளிதான அந்தக் கேள்விக்கு நம் ஊரில் பதில் தேடத் தொடங்கினால், அது காவல் துறையின் அதிகார அடுக்குக்குள்தான் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் வண்டிக்குள் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ரோந்துக் காரை ஓட்டுபவரே சம்பவ இடத்தில் இறங்கி விசாரிக்கும் அதிகாரி. வேகத்தை முடிவு செய்வது, ஸ்டீயரிங்கைப் பிடிப்பது, விபத்து நடந்தால் பதில் சொல்வது ஆகிய மூன்றும் அங்கே பெரும்பாலும் ஒரே ஆளின் பொறுப்பு. சென்னையில் ஒரு காவல் நிலைய ஜீப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர் காவலர். இடப்பக்க முன்னிருக்கையில் இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ இருப்பார்; பின்னால் பக்கவாட்டு இருக்கைகளில் ஏட்டும் காவலர்களும் இருப்பார்கள். "வேகமா போ" என்ற சொல் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அதை நிறைவேற்றும் கால் வலப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே வேகத்தை விரும்புபவரும் வேகமாக ஓட்டுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம், பல நேரங்களில் அப்படித்தான் இருக்கிறார்கள். இந்தப் பிரிவைக் கணக்கில் எடுக்காமல் "போலீஸ்காரர்கள் வேகத்தை ரசிக்கிறார்களா" என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில், ஆயுதப்படையிலிருந்து மோட்டார் வாகனப் பிரிவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஜீப்பும் வேனும் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். ஒரு மாலை அவரிடம் நேராகவே கேட்டேன்: "சார், வேகமா ஓட்டுறது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?" அவர் உடனே மறுக்கவில்லை. "பொய் சொல்லக் கூடாது தம்பி, முதல் ஆறு மாசம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஊர்ல டிராக்டர் ஓட்டினவன், இங்க வந்து சைரன் போட்டா மவுன்ட் ரோடே ஒதுங்கி வழி விடுது. யாருக்குத்தான் பிடிக்காது?" என்றார். பிறகு வடசென்னையில் ஓர் இரவைப் பற்றிச் சொன்னார். தகராறு என்று மைக்கில் தகவல் வந்து விரைந்துகொண்டிருந்தபோது, தெருமுனையில் நின்ற தண்ணீர் லாரியின் பின்னாலிருந்து பிளாஸ்டிக் குடத்துடன் ஓர் அம்மா சாலையில் இறங்கிவிட்டார். ஜீப் நின்றபோது குடம் முன்சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அந்த அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். "ஐயா பக்கத்துல இருந்து 'ஒண்ணும் ஆகலல்ல, எடு எடு'ன்னாரு. எனக்குக் கிளட்ச் மேல வெச்ச கால் நடுங்குது, கியர் விழல" என்று சொல்லும்போது அவருடைய இடது கை, இல்லாத ஒரு கியர் தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தது.

அவர் சொன்ன இரண்டு நிலைகளுக்கும் உடலியல் காரணம் இருக்கிறது. ஆபத்தையோ சவாலையோ மூளை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு கூடுகிறது, சோர்வு அந்த நேரத்துக்கு மறைகிறது. ராட்டினத்தில் ஏறுபவருக்குக் கிடைக்கும் கிளர்ச்சியும் துரத்திச் செல்லும் ஓட்டுநருக்குக் கிடைக்கும் கிளர்ச்சியும் இந்த அளவில் ஒன்றுதான். அதனால் காவலர்களில் சிலர், குறிப்பாக வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்கள், வேகத்தை ரசிக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே அட்ரினலின் பார்வையையும் குறுக்கிவிடுகிறது. கண் முன்னால் ஓடும் வண்டியின் பின்விளக்கு மட்டும் தெளிவாகத் தெரியும். நடைபாதையிலிருந்து இறங்கும் கால் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் வயர்லெஸ்ஸில் வருவதும் சில நேரம் காதில் விழுவதேயில்லை. துரத்தல் முடிந்த பிறகு கை நடுங்குவதும், வாய் உலர்வதும், சின்ன விஷயத்துக்குக் கோபம் பொங்குவதும் இதன் தொடர்ச்சியே.

பிரிட்டனில் காவல் ஓட்டுநர்களுக்கான முறையான பயிற்சி 1930களில் லண்டனின் ஹெண்டனில் வேரூன்றியது. அந்தப் பயிற்சி மரபில் இந்த நிலைக்கு 'சிவப்புப் பனிமூட்டம்' என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. ஓடுபவனை எப்படியாவது பிடித்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுவதை அது குறிக்கிறது. அதற்கு அவர்கள் கற்றுத்தரும் மருந்துகளில் ஒன்று மிக எளியது: ஓட்டிக்கொண்டே, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இடது பக்கம் பேருந்து நிறுத்தம், இறங்கும் பயணிகள், முன்னால் ஈரமான சாலை என்று சொல்லிக்கொண்டே போகும்போது கவனம் ஒரே புள்ளியில் உறைந்துபோகாது. சென்னையில் ஒரு ஓட்டுநர் காவலர் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் அமர்ந்திருக்க இப்படிப் பேசிக்கொண்டே ஓட்டுவதைக் கற்பனை செய்துபார்த்தால், பயிற்சி மட்டும் போதாது, வண்டிக்குள் இருக்கும் பேச்சு உரிமையும் மாற வேண்டும் என்பது புரியும்.

துரத்தலின் வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2018 மார்ச் மாதம் திருச்சியை அடுத்த துவாக்குடியில், தலைக்கவசம் அணியாமல் சென்ற ஒரு தம்பதியின் பைக்கைப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் துரத்திச் சென்று எட்டி உதைத்தார். கீழே விழுந்த பெண் உயிரிழந்தார். அபராதச் சீட்டோடு முடிந்திருக்க வேண்டிய ஒரு விதிமீறல் அது. ஓடுகிறவன் எத்தனை பெரிய குற்றம் செய்தான் என்ற கணக்கு, துரத்துகிறவரின் மனத்திலிருந்து சில நிமிடங்களில் அழிந்துவிடுகிறது. 'நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை' என்பதே பெரிய குற்றமாகிவிடுகிறது. வன்முறைக் குற்றவாளிகளைத் தவிர மற்றவர்களை வண்டியில் துரத்தக் கூடாது என்று அமெரிக்க நகரங்கள் பலவற்றின் காவல் துறைகள் விதி வகுத்திருப்பதற்கு இந்த மனநிலையைக் கட்டுப்படுத்துவதும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பொதுமக்களிடமும், எனக்குத் தெரிந்த காவலர்கள் சிலரிடமும்கூடக் குழப்பம் இருக்கிறது. 2023 நவம்பர் முதல் சென்னையில் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், இருசக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று வேக வரம்பு நடைமுறையில் உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள், அவசரப் பணியில் உள்ள தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல் வாகனம் ஆகியவை சைரனும் மின்னும் விளக்கும் இயங்கும் நிலையில் சிவப்பு சிக்னலைக் கடக்கவும், வேக வரம்பை மீறவும் அனுமதிக்கின்றன. ஆனால் அந்த அனுமதி, மற்றவர்களின் பாதுகாப்பைக் கருதி, உரிய கவனத்தோடு ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. மேலும், உயிரைக் காப்பது, தீ, சட்டம் ஒழுங்கு போன்ற உண்மையான அவசரம் இருக்க வேண்டும். அதிகாரி ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகிவிட்டார் என்பது இந்த விதியில் எங்கும் இல்லை. அப்படிப்பட்ட பயணத்தில் சைரன் ஒலித்தாலும் அந்த ஜீப்புக்கு உங்கள் காருக்கும் என் காருக்கும் உள்ள அதே வரம்புதான்.

விபத்து நடந்துவிட்டால் காட்சி எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்தால், ஓட்டுநர்கள் ஏன் வேகத்தை அஞ்சத் தொடங்குகிறார்கள் என்பது விளங்கும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் பெயர் ஓட்டுநருடையது. அதோடு 1955ஆம் ஆண்டு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளின் கீழ், காவலர்கள் பேச்சில் 'த்ரீ பி' என்று சொல்லப்படும் 3(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். ஊதிய உயர்வு நிற்கும், பதவி உயர்வு தள்ளிப்போகும். "வேகமா போ" என்று சொன்ன குரலுக்குச் சாட்சி கிடையாது. இந்த ஏற்பாடு நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன்.

பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டம் ஓரளவு தெளிவாக இருக்கிறது. உதய்பூர் கலெக்டரின் ஜீப்பை அரசு ஓட்டுநர் பணிமனையிலிருந்து எடுத்து வரும் வழியில் ஒருவர் மீது மோதி அவர் இறந்த வழக்கில், தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1962லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அரசு வாகனங்கள் பலவற்றுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு என்பதால், காவல் வாகன விபத்துகளில் இழப்பீடு அரசுக் கருவூலத்திலிருந்து வர வேண்டியிருக்கும். வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும், காத்திருப்பு நீளும்.

வேகத்தால் என்னதான் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 5 கிலோமீட்டர் தொலைவில் ஒரு அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஏழரை நிமிடம். 60இல் 5 நிமிடம். இரண்டரை நிமிடம் மிச்சம், அது பெரிய லாபம். 60இலிருந்து 80க்குக் கூட்டினால் மிச்சமாவது 75 விநாடி. 80இலிருந்து 100க்குப் போனால் 45 விநாடிதான். வேகம் கூடக் கூட லாபம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மறுபக்கம், உலர்ந்த சாலையில் 60இல் வரும் ஜீப், ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டால், நிற்பதற்கு ஏறக்குறைய 37 மீட்டர் எடுக்கும். 100இல் அதுவே 80 மீட்டரைத் தாண்டிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த சாலையில் இது இன்னும் நீளும். மோதலின் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 50இல் வரும் வண்டியைவிட 100இல் வரும் வண்டி நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும்.

இந்தக் கணக்குகூட காலியான சாலைக்குத்தான் பொருந்தும். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகத் தடுப்புகள் வைத்துச் சுருக்கப்பட்ட சாலைகளிலும், நெரிசல் மிகுந்த அண்ணா சாலையிலும் பகல் நேரத்தில் அதிவேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே சைரன் ஒலிப்பது பெரும்பாலும் ஒதுங்க இடமில்லாத வண்டிகளுக்கு நடுவில்தான். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டிருக்கும் கார்களுக்குள் சைரன் தாமதமாகவே கேட்கிறது. கேட்டாலும், இரு பக்கக் கட்டடங்களிலும் பட்டு எதிரொலிப்பதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று புரிவதில்லை. ஓட்டுநர் எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்று நம்புகிறார், எதிரில் இருப்பவருக்கோ கேட்கவேயில்லை. சந்திப்புகளில் விபத்து நேர்வதற்கு இந்த இடைவெளி முக்கியக் காரணம்.

வண்டிகளும் வேகத்துக்காகச் செய்யப்பட்டவை இல்லை. காவல் நிலையங்களில் பரவலாக ஓடும் பொலேரோ, சட்டகத்தின் மேல் உடலைப் பொருத்திய, பின்பக்கம் பட்டை வில்கள் கொண்ட உயரமான வாகனம். கரடுமுரடான பாதைக்கும் அதிக ஆட்களை ஏற்றவும் ஏற்றது. 80இல் சட்டென்று ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாயும். அதன் பின்பக்கத்தில் எதிரெதிராக இருக்கும் நீள இருக்கைகளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அங்கே பயணம் செய்வது எப்படி இருக்கும் என்று தெரியும். மூலையில் லத்திகளும் கேடயங்களும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். காவலர்கள் பக்கவாட்டில் அமர்ந்து, ஒரு கையால் மேல்கம்பியையும் மறு கையால் எதிர் இருக்கையின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் பக்கத்தில் இருப்பவர் மீது சாய்வார்கள். காவல் துறையில் வேகம் பற்றிய கருத்துக் கணிப்பு எடுப்பதாக இருந்தால் இந்த இருக்கையில் தொடங்க வேண்டும்.

பைலட் வண்டி ஓட்டுவது தனிக் கதை. முக்கியப் பிரமுகரின் வாகன வரிசைக்கு முன்னால் செல்லும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால் பின்னால் உள்ள எல்லா வண்டிகளும் குறைய வேண்டும். கூட்டினால் எல்லாரும் கூட்ட வேண்டும். 80 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் கடக்கிறது. வரிசையில் இரு வண்டிகளுக்கு நடுவே 10 மீட்டர் இடைவெளி இருந்தால் பின்வண்டி ஓட்டுநருக்குக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவு. 2021 அக்டோபரில் முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் தனது பாதுகாப்பு வரிசையை 12 வண்டிகளிலிருந்து 6 ஆகக் குறைக்கச் சொன்னது போக்குவரத்து நெரிசலை முன்னிட்டுத்தான். ஆனால் வண்டிகள் குறைந்தால் அந்த அரை விநாடி ஆபத்தும் குறைகிறது.

தூக்கத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குக் குறைந்துவிடுவதாக 1990களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். காலையில் பந்தோபஸ்து, மாலையில் நீதிமன்றப் பணி, இரவில் ரோந்து என்று இழுபடும் ஒரு ஓட்டுநர் காவலர், விடியற்காலை 4 மணிக்கு எந்த நிலையில் இருப்பார் என்று ஊதிக் கண்டறியும் கருவி எதுவும் சொல்லாது. காவலர்களுக்கு வார விடுமுறை என்ற அறிவிப்பு 2021இல்தான் வந்தது. அது எல்லா நிலையங்களிலும் எல்லா வாரமும் கிடைக்கிறதா என்று எந்தக் காவலரின் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். தூக்கம் கெட்ட உடலுக்கு வேகம் ஒருவித விழிப்பு மருந்தாகவும் ஆகிவிடுகிறது. "மெதுவா ஓட்டினா கண்ணு சொருகும் தம்பி, அதனாலேயே மிதிப்போம்" என்று மேல்மாடிக்காரர் சொன்னது, அவர் சொன்னவற்றிலேயே என்னை அதிகம் கலங்க வைத்தது. இந்த வேகத்தில் ரசனைக்கு இடமே இல்லை.

இன்னொன்று, பழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் 90இல் ஓட்டி வந்தவருக்கு, திருவான்மியூருக்குள் நுழையும்போது 60 என்பது ஊர்வது போலத் தோன்றும். மூளை வேகத்துக்குப் பழகிவிடுகிறது. வேகமானி காட்டும் எண்ணும் உடல் உணரும் வேகமும் விலகிவிடுகின்றன. பத்தாண்டு ஓட்டியவருக்கு வேகம் கிளர்ச்சியும் தருவதில்லை, பயமும் தருவதில்லை. வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு அது ஜாலியாகத் தெரிகிறது.

குற்றவாளியைப் பிடிக்க வேகம் தேவையில்லையா என்று கேட்கலாம். சந்து பொந்துகளில் நுழைந்து ஓடும் பைக்கை ஜீப்பால் பிடிக்க முடியாது என்பது சென்னைக் காவலர்களுக்கு என்றோ தெரிந்த உண்மை. ஓடுகிறவன் எந்தப் பக்கம் போகிறான் என்று மைக்கில் சொல்லி, அடுத்த சந்திப்பில் தடுப்பைப் போடச் செய்வதுதான் பலன் தரும் வழி. ஏ.கே.விஸ்வநாதன் ஆணையராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் நகரமெங்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகிய பிறகு இந்த வழி இன்னும் வலுத்தது. 2025 மார்ச் 25 காலையில் தென்சென்னையில் அடுத்தடுத்துச் சங்கிலி பறித்தவர்களில் இருவர் விமான நிலையத்திலும் மற்றொருவர் ஆந்திராவின் ஓங்கோல் அருகே ரயிலிலும் அன்றே பிடிபட்டார்கள். கேமராப் பதிவைப் பார்த்து, உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் தகவல் சொன்னதால் கிடைத்த வெற்றி அது. 

வேகத்தின் விலை நம் மாநிலத்தில் சின்னது இல்லை. மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022இல் நாட்டில் அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, மொத்தம் 64,105. அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் ஏழு பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வேகத்தைத் தடுத்து நிறுத்தி அபராதம் விதிக்கும் துறையே வரம்பை மீறும்போது, அந்த மீறலுக்கு ஒரு காரணம் இருந்தது என்று காட்டும் கடமை அதற்கு உண்டு.

ஒவ்வொரு காவல் வாகனத்திலும் ஒரு லாக் புக் இருக்கிறது. புறப்பட்ட நேரம், சென்ற இடம், ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல், பயணம் செய்த அதிகாரியின் கையெழுத்து ஆகியவை அதில் ஏறுகின்றன. சைரன் போட்டு வரம்பை மீறிய ஒவ்வொரு பயணத்துக்கும் என்ன அவசரம், யார் சொல்லி மீறப்பட்டது என்று எழுத அதில் இன்னொரு கட்டம் வேண்டும்; அந்தக் கட்டத்தில் இடப்பக்க இருக்கையில் இருந்தவர் கையெழுத்திட வேண்டும். ரோந்து வாகனங்களில் ஜி.பி.எஸ். கருவி இருப்பதால், எழுதியது சரிதானா என்று கட்டுப்பாட்டு அறையில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடினமான வேலை இல்லை. இதை மேல்மாடிக்காரரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கையெழுத்துப் போடணும்னு சொல்லிப் பாருங்க தம்பி, பாதி நாள் 'மெதுவாவே போ'ன்னு அவரே சொல்லுவாரு" என்றார்.